அமுக்கக் கூடாத ஓகே

போன வாரம் ஷர்மினியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அங்கிள், கிள்ளான் யார்டு புரோகிராம்ல ஒரு குட்டிப் பெட்டி வருது. அதுல ஒரு ஓகே பட்டன். அமுக்கினா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. கோட்ல 'தவமணி அக்காவைக் கேட்காமல் இதை எடுக்காதே'ன்னு எழுதி வச்சிருக்கீங்க. யார் அங்கிள் அந்த அக்கா? எடுத்திடவா?"

எடுக்காதே என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். புதிதாக வருகிறவர்களிடம் இதுதான் தொல்லை. எதற்கும் ஏன் என்று கேட்கிறீர்கள். நாங்களும் அந்த வயதில் கேட்டோம், யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் குறை உங்களுக்கு வேண்டாம் என்று ஷர்மினிக்கும், இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதில் நான் நன்றாக மூக்குடைபடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்க உற்சாகமாக இருக்கும்.

கிள்ளானில் ஒரு கண்டெய்னர் யார்டு. துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளை இரண்டு மூன்று நாள் இறக்கி வைத்திருந்து, கப்பல் வந்ததும் லோரியில் ஏற்றி அனுப்புவார்கள். எந்தக் கண்டெய்னர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் திரையில் வண்ணக் கட்டங்களாகக் காட்ட ஒரு நிரல் வேண்டும் என்று கேட்டார் முதலாளி. அவரை டிரைவர்கள் முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நிரலின் அடிப்பகுதியை சி++ மொழியில் எழுதினேன். திரையில் தெரியும் சன்னலை மட்டும் பைத்தானில் எழுதி, அந்தப் பைத்தானை ஓட்டுகிற இன்டர்பிரெட்டரை நிரலுக்கு உள்ளேயே குடிவைத்தேன். ஐகானைக் கிளிக் செய்தால் பெரிய நிரல் எழும். அது உள்ளே இருப்பவரை எழுப்பி, பைத்தான் கட்டளைகள் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட்டைக் கையில் கொடுக்கும். அவர் அதை வரிவரியாகப் படித்துச் சன்னலைத் திறப்பார். பாஸ் நாளைக்கு நிறத்தை மாற்று, கட்டத்தைப் பெரிதாக்கு என்று சொன்னால், ஸ்கிரிப்ட்டில் இரண்டு வரி மாற்றினால் போதும். இதைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு நானே இரண்டு நாள் சபாஷ் போட்டுக்கொண்டேன். என் கணினியில் எழுதும்போதே பலமுறை ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அந்தத் திமிரோடுதான் கிள்ளானுக்குப் போனேன்.

யார்டு ஆபீஸில் பாஸ், இரண்டு டிரைவர்கள், கிளார்க் தவமணி அக்கா என்று நாலு பேர் திரைக்கு முன்னால் நின்றார்கள். தவமணி அக்கா அந்த யார்டில் பல வருடமாக இருப்பவர். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார் என்று டிரைவர்கள் சொன்னார்கள். நான் ஐகானைக் கிளிக் செய்தேன். சன்னல் வந்தது. வந்த வேகத்தில் காணாமல் போனது.

"என்னமோ மின்னிச்சே?" என்றார் பாஸ்.

"லோடிங் ஸ்கிரீன் பாஸ்" என்றேன். அப்பட்டமான பொய். மறுபடி கிளிக் செய்தேன். மறுபடி மின்னி மறைந்தது.

"ரெண்டு லோடிங்கா?"

டிரைவர் ஒருவர் சிரிப்பை அடக்க வெளியே போனார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பாஸ் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "நான் போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வரேன், அதுக்குள்ள சரி பண்ணுங்க லா" என்றார். ஒரு கோப்பி குடிக்கிற நேரம்தான் என் மானத்துக்கு மிச்சம்.

ஸ்கிரிப்ட் கடைசி வரிவரை போகிறதா, பாதியிலேயே சாகிறதா என்று பார்க்க, கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வரும்படி ஒரு வரி சேர்த்தேன். பெட்டிக்குள் 'வந்தாச்சு' என்று எழுதினேன். நமக்கு நாமே சோதித்துக்கொள்ள இப்படி எதையாவது எழுதுவோமே, அதுதான். ஐகானைக் கிளிக் செய்தேன். சன்னல் வந்தது. அதற்கு முன்னால் 'வந்தாச்சு' பெட்டியும் அதில் ஓகே பொத்தானும் வந்தன. சன்னல் மறையவில்லை! கட்டங்களை இழுத்தேன், இழுபட்டன. நிறம் மாற்றினேன், மாறியது. ஓகேயை அமுக்கினேன். எல்லாம் போயிற்று. மறுபடி திறந்தேன், ஓகேயைத் தொடாமல் விட்டேன். அப்படியே நின்றது.

அந்த நேரம் பாஸ் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். "ஆ! வந்தாச்சு!" என்று வாய்விட்டுப் படித்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஓடுகிறது, அது போதும் என்று விட்டுவிட்டேன். நாளைக்கு ஆபீஸ் போனதும் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு எட்டு மாதம் வரவில்லை.

தவமணி அக்காவுக்கு நிரலைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கடைசியில், "இந்தப் பெட்டியில ஓகே மட்டும் அமுக்கிடாதீங்க அக்கா" என்றேன்.

"அமுக்கக் கூடாதுன்னா அத ஏன் தம்பி வச்சிருக்கீங்க?"

"அது... சிஸ்டம் அப்படி அக்கா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வேலைக் காலத்தில் பல முட்டாள்தனங்கள் செய்திருக்கிறேன், பெரும்பாலானவற்றை மறந்தும்விட்டேன். அந்த ஒரு பதிலை மட்டும் இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் வேறு வேலையாக அங்கே போனபோது பார்த்தேன். அக்கா தினமும் காலையில் அந்தப் பெட்டியை இழுத்துத் திரையின் வலது கீழ் மூலையில் நிறுத்துவாராம். ஓகே பொத்தான் வருகிற இடத்தில் திரைமேலேயே ஒரு பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். பொட்டு இருக்கிற இடத்துக்கு யாரும் மௌஸ் அம்பைக் கொண்டுபோகக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். என்டர் விசையைத் தட்டினாலும் பெட்டி மூடிக்கொள்ளும் என்று அவரே கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு இருமல் மருந்து பாட்டில் மூடியை டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார். நான் செய்திருக்க வேண்டிய பாதுகாப்பு ஏற்பாட்டை அவர் ஒரு பொட்டையும் ஒரு மூடியையும் வைத்துச் செய்து முடித்திருந்தார். நான் பார்த்துச் சிரித்துவிட்டு ரயிலேறினேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

யார்டில் ஆயுத பூசை என்றால் சும்மா இல்லை. லோரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். ஆபீஸில் ஸ்டேப்ளர் முதல் கணினிவரை சந்தனம் குங்குமம் வைப்பார்கள். கப்பல் பூசைக்காகக் காத்திருக்காது என்பதால் விடிகாலையிலிருந்தே வேலையும் நடக்கும். அன்றைக்குப் பூசை நடந்துகொண்டிருந்தபோது சன்னல் போய்விட்டது. காலையிலிருந்து எதை எங்கே மாற்றி வைத்தார்கள் என்ற விவரம் அந்தச் சன்னலோடு சேர்ந்து போயிற்று. சாயங்காலம் சன்னலை முறையாக மூடும்போது மட்டும் விவரங்களைச் சேமிப்பதுபோல் எழுதியிருந்த புத்திசாலியும் நான்தான். வாசலில் லோரிகள் வரிசைகட்டி நிற்க, டிரைவர்கள் நெற்றியில் குங்குமத்தோடு வெயிலில் ஒவ்வொரு கண்டெய்னராக நம்பர் படித்துக்கொண்டு நடந்தார்கள். ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் அதன் கப்பல் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "அந்த அக்கா என்னமோ அமுக்கிட்டாங்களாம். கப்பல் தவறின கஸ்டமருக்குக் காட்ட பாஸ் ஒரு லெட்டர் கேக்குறாரு. யூசர் எரர்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க. இன்னும் ரெண்டு யார்டுக்குப் புரோகிராம் நம்மகிட்டதான் எடுக்கப் போறாரு, கெடுத்திடாதீங்க லா."

கே.எல். சென்ட்ரலில் ரயிலேறிக் கிள்ளான் போய்ச் சேரும்வரை, யூசர் எரர் என்பது பொய் இல்லை, பயனர்தானே அமுக்கினார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே போனேன். ஏறக்குறைய நம்பியும் விட்டேன்.

யார்டு ஆபீஸில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அக்காவின் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் பை. அவருடைய மக், மடக்குக் குடை, மிச்சமிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன.

"திங்கக்கிழமை புது ஆள் வருது இன்ஜினியர்" என்றார் பாஸ், அக்காவுக்குக் கேட்கும்படியே. "ஆள மாத்திட்டேன்னு கஸ்டமருக்குச் சொல்லணும். உங்க லெட்டர் வேணும். யாரு அமுக்கினாங்கன்னு தெளிவா போடுங்க." சொல்லிவிட்டு வெளியே லோரியைப் பார்க்கப் போனார்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அமுக்கினீங்களா அக்கா?"

"நான் அமுக்கல தம்பி."

"அப்ப யாரு?"

அவர், சுத்தமாக இருந்த மேசையை மறுபடி துடைத்தார். பிறகு திரையைக் காட்டிப் பேசினார். "எட்டு மாசமா இதப் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்தப் பெட்டி நம்ம ஜாகா மாதிரி தம்பி." ஜாகா என்றால் வாசலில் இருக்கும் காவலாளி. "அவரு ஒரு வேலையும் செய்யறதில்ல. நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு, அவ்வளவுதான். ஆனா அவரு எழுந்து வீட்டுக்குப் போனா வாசக் கேட்டப் பூட்டிடுறாங்க. இந்தப் பெட்டி உக்காந்திருக்கிறவரைக்கும் உள்ள வேலை நடக்குது. ஓகே சொன்னா அதுக்கு லீவு விட்ட மாதிரி. உங்க புரோகிராம்ல வேற ஜாகா இல்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை. வேறு ஜாகா இல்லை.

சன்னலைத் திறந்த பிறகு, 'இங்கேயே உட்கார், யாராவது ஏதாவது அமுக்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிரு' என்று இன்டர்பிரெட்டருக்குச் சொல்ல ஒரு வரி வேண்டும். அந்த வரியை நான் எழுதவே இல்லை. அதனால் அவர் சன்னலைத் திறந்தார், ஸ்கிரிப்ட் முடிந்தது என்று பார்த்தார், கடையைச் சாத்திக்கொண்டு போனார். நான் நிரல் எழுதப் பயன்படுத்திய மென்பொருள் நான் சொல்லாமலே அந்தக் காத்திருப்பைச் செய்துவந்ததால் என் கணினியில் இந்தக் குறை தெரியவில்லை. 'வந்தாச்சு' பெட்டி ஓகேவுக்காகக் காத்திருந்ததால்தான் சன்னலும் பிழைத்தது. எட்டு மாதமாக நான் யோசிக்க மறுத்ததை, கணினிப் பாடம் எதுவும் படிக்காத ஒருவர் தன் வாசலைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தார். அவரைத்தான் வேலையை விட்டு அனுப்ப நான் கடிதம் எழுத வந்திருந்தேன்.

ஓடும்போது நிரல் தானாகவே எழுதி வைத்திருந்த நேரக் குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். இன்டர்பிரெட்டர் மூடிக்கொண்ட நேரம் காலை பத்து மணி ஏழு நிமிடம் என்று இருந்தது.

பாஸ் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் எழுதத் தொடங்கும்வரை சும்மா இருக்க முடியாமல் கைப்பேசியை எடுத்தார். "லெட்டர் கிடக்கட்டும், நம்ம பூசையப் பாருங்க, எப்படி ஜோரா பண்ணினோம்!" என்று ஆபீஸ் குரூப்பில் வந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். லோரி. எலுமிச்சம்பழம். சூடத் தட்டு. அப்புறம் கணினி.

அந்தப் படத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாஸ் தோளில் துண்டோடு, நெற்றி நிறையச் சந்தனத்தோடு நிற்கிறார். புதுக் குங்குமம் வைப்பதற்காகத் திரையிலிருந்த பழைய பொட்டை உரித்து எடுத்திருக்கிறார். இடது கையில் குங்குமக் கிண்ணம். வலது கை மௌஸின்மேல். திரையைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கும் முகத்தில் திறப்புவிழா நடத்துகிற அமைச்சரின் சிரிப்பு. அவருக்குப் பின்னால் தவமணி அக்கா, கண் இரண்டும் பிதுங்க, கையைப் பாதி தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து, சொல்ல முடியாமல் நிற்கிறார். படத்தின் கீழே நேரம்: பத்து ஏழு.

"நல்லா விழுந்திருக்குல்ல?" என்றார் பாஸ்.

"ரொம்ப நல்லா விழுந்திருக்கு பாஸ்" என்றேன்.

இப்போது கொஞ்சம் நிறுத்திவிட்டு நீங்களே யோசியுங்கள். என் கையில் ஆதாரம் இருந்தது. அமுக்கியது முதலாளிதான் என்று எழுதினால், கஸ்டமர் முன்னால் அவர் மானம் போகும். அந்தக் கோபத்தில் அக்காவும் வேலையில் தங்க முடியாது. இரண்டு யார்டும் கிடைக்காது. அக்கா என்று எழுதினால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை நினைத்தபோது ஒன்று புரிந்தது. 'வந்தாச்சு, ஓகே' என்று ஒரு பெட்டி நின்றால் பாஸ் அமுக்காமல் வேறு என்ன செய்வார்? நானாக இருந்தாலும் அமுக்கியிருப்பேன். பாட்டில் மூடியை ஒட்டிவைத்து எட்டு மாதம் காப்பாற்றியவர் குற்றவாளி இல்லை, பூசையில் ஒரு நொடி அமுக்கியவரும் இல்லை.

கடிதம் ஐந்து வரிதான். சன்னல் காத்திருப்பதற்கான கட்டளை நிரலில் விடுபட்டிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு ஓகே பெட்டியை வைத்துவிட்டு, அதை அமுக்க வேண்டாம் என்று சொன்னேன். யார் அமுக்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். தவறு என்னுடையது. யார்டு கிளார்க் கவனமாக இருந்ததால்தான் எட்டு மாதம் நடக்காமல் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

பாஸ் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். "யாரு அமுக்கினாங்கன்னு போடலையே?"

"யார் அமுக்கினாலும் அதேதான் பாஸ். ஓகேன்னு ஒரு பட்டன் இருந்தா மனுசன் அமுக்கத்தான் செய்வான்."

அவர் கடிதத்தைப் பார்த்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். தன் கையைப் பார்த்தார். அக்காவின் கண்ணைப் பார்த்தார். 

"தவமணி."

"பாஸ்."

"நேத்தே ஏன் சொல்லல?"

"சூடம் காட்டிக்கிட்டு இருந்தாங்க பாஸ். அத்தன டிரைவருங்க முன்னாடி எப்படிச் சொல்றது?"

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு எழுந்து போய் அக்கா மேசையிலிருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கி, மக்கை எடுத்து வெளியே வைத்தார். "ரெண்டு பேரும் கோப்பி குடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். திங்கட்கிழமை புது ஆள் யாரும் வரவில்லை.

விடுபட்ட வரியை அங்கேயே உட்கார்ந்து சேர்த்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே சேமிக்கும்படியும் செய்தேன். பெட்டியை எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டினேன். சன்னல் தனியாக நின்றது. அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஜாகா எங்க தம்பி?"

"உள்ளயே உக்காந்திருக்காரு அக்கா. இனிமே அவர யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது."

திரும்பி வந்த பாஸுக்கோ வேறு வருத்தம். "வந்தாச்சு எங்க? அது வந்தாத்தான் எனக்கு மிஷின் ஓடுற மாதிரி இருக்கு. வருசா வருசம் பூசைக்கு நான் அத அமுக்கணும் லா."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் யோசித்தார். "வைங்க. ஆனா அமுக்கினா ஒண்ணும் ஆகக் கூடாது" என்றார். அப்படியே வைத்தேன். முதலில் அவரையே அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். எட்டு மாதம் பொத்திப் பாதுகாத்த பொத்தானின்மேல் அம்பைக் கொண்டுபோய், கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார். திறந்து பார்த்தார். கட்டங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மறுபடி அமுக்கினார். பிறகு நிறுத்தவே இல்லை. பத்து தடவையாவது அமுக்கியிருப்பார், ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, குனிந்து ஒயரைச் சரிசெய்வதுபோல் நடித்தேன். அன்றைக்குத்தான் கோடில் ஷர்மினி பார்த்த அந்த எச்சரிக்கையை எழுதினேன்.

மேலாளர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. பாஸ் பிறகு ஒரு யார்டுக்கு மட்டும் எங்களிடம் நிரல் வாங்கினார், இன்னொன்றில் இன்றைக்கும் வெள்ளைப் பலகையில்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் என் கைப்பேசிக்கு ஒரு படம் வரும். பாஸ் மௌஸை அமுக்கிக்கொண்டிருப்பார், பின்னால் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நிற்பார்.

அதனால் ஷர்மினி, அந்தப் பெட்டியை எடுக்காதே. எடுத்தே தீரவேண்டும் என்றால் கிள்ளானுக்கு ரயிலேறு. யார்டு ஆபீஸில் கண்ணாடி அறைக்குள் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தவமணி அக்காவிடம் போய்க் கேள். அவர் உனக்கு முதலில் கோப்பி சொல்வார். அப்புறம் ஏன் எடுக்கணும் என்று கேட்பார். தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். சிஸ்டம் அப்படி என்று மட்டும் சொல்லிவிடாதே.